கேள்வி – பதில்: மேசைமுன் அமர்ந்து தூந்திரத்தைக் காப்பவர்கள்

இரண்டு இதழ்களுக்கு முன் ஒரு பதிலில், அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் 1971-ல் தொடங்கப்பட்டு இன்றும் இயங்கிவரும் வட அலாஸ்கா சுற்றுச்சூழல் மையத்தைப் பற்றி நான்கு வரிகள் எழுதியிருந்தேன். அந்தப் பகுதியின் நிலத்துக்காகவும் ஆறுகளுக்காகவும் வனவிலங்குகளுக்காகவும் எண்ணெய்த் துரப்பணம், சுரங்கம், சாலைத் திட்டங்களை எதிர்த்து வாதாடும் சிறிய தொண்டு நிறுவனம் அது என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எழுதியவர்களில் பெரும்பாலானோர் நிறுவனத்தைப் பற்றிக் கேட்கவில்லை; அங்கே வேலை பார்க்கும் மனிதர்களைப் பற்றியே கேட்டிருந்தார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

பனியில் கரடிகளையும் மான்களையும் பின்தொடர்ந்து செல்வதுதான் அங்குள்ள ஊழியர்களின் வேலையா? ஒரு நாளில் அவர்கள் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காரைக்குடி

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். கரடியைப் பின்தொடர்வது அரசின் வனவிலங்குத் துறையினரும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் செய்யும் வேலை. ஃபேர்பேங்க்ஸ் மையத்தைப் போன்ற ஓர் அமைப்பில் வேலைநாளின் பெரும்பகுதி காகிதத்தோடு கழிகிறது.

அதற்குக் காரணம் ஒரு சட்டம். 1970 ஜனவரி 1 அன்று கையெழுத்தான தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தின்படி, அமெரிக்க மத்திய அரசு தன் நிலத்தில் பெரியதொரு சாலைக்கோ சுரங்கத்துக்கோ எண்ணெய்க் குத்தகைக்கோ அனுமதி கொடுப்பதற்கு முன், அதனால் என்னென்ன பாதிப்புகள் நேரும், வேறு வழிகள் உண்டா என்று ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டாக வேண்டும். வரைவு அறிக்கையின்மீது மக்கள் கருத்துச் சொல்வதற்குக் குறைந்தது 45 நாட்கள் அவகாசம் தரவேண்டும் என்ற விதி பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்தது. அந்த விதித்தொகுப்பு 2025-ல் நீக்கப்பட்டது. பின்னிணைப்புகளையும் சேர்த்தால் சில அறிக்கைகள் ஆயிரம் பக்கங்களைத் தாண்டிவிடும். வீட்டையும் பிழைப்பையும் கவனித்துக்கொண்டு ஒன்றரை மாதத்துக்குள் அவற்றைப் படித்துமுடிக்க எந்தக் குடிமகனால் முடியும்? அவனுக்காகப் படிப்பதற்கென்று சம்பளம் கொடுத்து அமர்த்தப்பட்டவர்களே இந்த ஊழியர்கள்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ப்ரூக்ஸ் மலைத்தொடரின் தென்புறம் இருக்கும் ஆம்ப்ளர் என்ற கனிமப் பகுதிக்கு 211 மைல், அதாவது சுமார் 340 கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலை போட வேண்டும் என்பது ஒரு திட்டம். அது 11 பெரிய ஆறுகளையும் ஏறத்தாழ 3,000 ஓடைகளையும் கடந்தாக வேண்டும். ஓடை கடக்கும் இடங்களில் சாலைக்கு அடியில் பதிக்கும் குழாய் சற்று உயரமாக அமைந்துவிட்டால் மீன் எதிர்நீச்சலடித்து மேலே போக முடியாது. சரளைக் கல் எடுக்கும் குழிகளில் கல்நார் கலந்திருந்தால் அந்தத் தூசி காற்றில் ஏறும். அடியிலிருக்கும் நிரந்தர உறைபனி இளகினால் சாலையே உட்கார்ந்துவிடும். இவை ஒவ்வொன்றையும் அறிக்கை எந்தப் பக்கத்தில் எப்படிச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று தேடிக் குறித்து, ஆதாரத்தோடு எழுதி, கெடு முடிவதற்குள் அனுப்ப வேண்டும். கருத்துக்கேட்பின்போது யாரும் சுட்டிக்காட்டாத குறையைப் பின்னால் நீதிமன்றத்தில் புதிதாக எழுப்ப முடியாது என்பது பொதுவான நிலை என்பதால், இன்று விடுபட்ட ஒரு வரி ஐந்து ஆண்டுகள் கழித்து வழக்கையே சாய்த்துவிடலாம்.

எஞ்சிய நேரம் கூட்டங்களில் போகிறது. ஃபேர்பேங்க்ஸுக்கு வடக்கே பல கிராமங்களுக்குச் சாலை கிடையாது. ஆறேழு பேர் அமரக்கூடிய சிறு விமானங்களில்தான் போக வேண்டும். அங்கே பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் முதியவர் ஒருவர் நிதானமாகப் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, அவர் சொன்னது அரசுப் பதிவில் சரியாக ஏறியதா என்று பார்ப்பதும் இவர்களுடைய வேலைதான். கோடையில் குழந்தைகளைக் காட்டுக்கு அழைத்துச் சென்று பூச்சியையும் பாசியையும் காட்டும் முகாம் ஒன்றையும் மையம் நடத்திவந்திருக்கிறது. உங்கள் கேள்வியில் இருக்கும் படத்துக்குச் சற்றேனும் நெருங்கி வருவது அந்த முகாம் மட்டும்தான்.

இந்த மையத்தைத் தொடங்கியவர்கள் யார்? பணக்காரர்களின் பொழுதுபோக்காகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

உங்கள் ஊகத்தைப் பொய்யாக்குவதற்கு 1971-க்கும் பின்னால் போக வேண்டும். இந்த மையத்துக்கு ஒரு முன்னோடி உண்டு: 1960-ல் அதே ஃபேர்பேங்க்ஸில் உருவான அலாஸ்கா பாதுகாப்புச் சங்கம். அதன் உயிராக இருந்தவர்கள் சீலியா ஹண்டர், ஜின்னி வுட் என்ற இரண்டு பெண்கள். இரண்டாம் உலகப் போரின்போது இருவரும் அமெரிக்க இராணுவத்துக்காகப் போர் விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து தளங்களுக்கு ஓட்டிச்செல்லும் மகளிர் படையில் இருந்தவர்கள். அந்த விமானங்கள் அலாஸ்கா வழியாகச் சோவியத் நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன; ஆனால் பெண் விமானிகள் மொண்டானாவைத் தாண்டி வடக்கே ஓட்டக்கூடாது என்று இராணுவம் தடுத்திருந்தது. போர் முடிந்ததும் இருவரும் சிறு விமானங்களைத் தாங்களே ஓட்டிக்கொண்டு வடக்கே கிளம்பினார்கள். வானிலை மோசமாக இருந்ததால் வழிநெடுகத் தங்கித் தங்கி, 27 நாட்கள் கழித்து, 1947-ன் முதல் நாளில் ஃபேர்பேங்க்ஸில் இறங்கினார்கள். பிறகு தெனாலி மலையைப் பார்த்தபடி ஒரு விடுதி கட்டி, விறகு பிளந்து, விருந்தினருக்குச் சமைத்துப் பிழைத்தார்கள். பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சங்கம் ஒரு விதி வைத்திருந்தது: அலாஸ்காவில் வசிப்பவருக்கு மட்டுமே வாக்குரிமை. அலாஸ்காக்காரர்கள் மற்ற மாநிலங்கள் அனைத்தையும் சேர்த்து ‘வெளி’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவார்கள். சுற்றுச்சூழல் பேசுகிறவர்களை ‘வெளியாட்கள்’ என்று சொல்லி வாயடைப்பது அன்றைய அரசியல்வாதிகளின் வழக்கம். அந்த வாதத்துக்கு முன்கூட்டியே போட்ட அணைதான் இந்த விதி.

சங்கம் பிறந்த காலத்தில் எதிரே நின்றது எண்ணெய் அல்ல, அணுகுண்டு. ஹைட்ரஜன் குண்டோடு சேர்த்துப் பெயர் சொல்லப்படும் எட்வர்ட் டெல்லர் 1958-ல் அலாஸ்காவுக்கு வந்து, கேப் தாம்சன் என்ற கடற்கரையில் அணுகுண்டுகளை வெடித்துத் துறைமுகம் தோண்டப்போவதாக அறிவித்தார். திட்டத்தின் பெயர் ‘சாரியட்’. பக்கத்திலுள்ள பாயிண்ட் ஹோப் கிராமம் அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவு. அங்கு வாழும் இன்யூபியாட் பழங்குடி மக்கள் 1960-ல் அதிகாரிகள் வந்து விளக்கம் சொன்னபோது முகத்துக்கு நேராகவே எதிர்த்தார்கள். அந்தக் கூட்டத்தை ஒலிநாடாவிலும் பதிவுசெய்து வைத்துக்கொண்டார்கள்.

திட்டத்துக்கான சுற்றுச்சூழல் ஆய்வில் அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர்கள் லெஸ்லி வீரெக், வில்லியம் ப்ரூயிட் ஆகியோரும் பணிபுரிந்தார்கள். கதிரியக்கப் பொடி விழுந்தால் அதை, பாசிபோல் தரையில் படரும் லைக்கன், வேர் வழியாக அல்லாமல் நேரே காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும், லைக்கனைக் கரிபூ மான் மேயும், கரிபூவை மனிதன் உண்பான் என்ற சங்கிலியை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். தங்கள் முடிவுகள் மேலிடத்தில் திரிக்கப்படுகின்றன என்று அவர்கள் கருதியபோது, சங்கத்தின் செய்திமடல் 1961-ல் அவர்களுடைய விவரங்களை விரிவாக அச்சிட்டது. தட்டச்சுப் பொறியில் அடித்து மடித்து அஞ்சல் தலை ஒட்டிய ஓர் எளிய மடல்தான் அது. ஆனால் ‘வெளி’யிலிருந்த அறிவியலாளர்களின் பத்திரிகைகளுக்கும் செய்தி பரவி, 1962-ல் திட்டம் கிடப்பில் போடப்பட்டது. இரண்டு உயிரியலாளர்களும் பல்கலைக்கழக வேலையை இழந்தார்கள். ப்ரூயிட் கனடாவுக்கே குடிபெயர வேண்டியதாயிற்று. 1993-ல் அதே பல்கலைக்கழகம் இருவருக்கும் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு வரும் மன்னிப்பு அங்கியோடும் சான்றிதழோடும் வருகிறது போலும்!

1968-ல் அலாஸ்காவின் வட கடலோரத்திலுள்ள ப்ரூடோ விரிகுடாவில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டதும் நிலைமை வேறாகிவிட்டது. 800 மைல் குழாய்ப்பாதைத் திட்டம் ஃபேர்பேங்க்ஸைத் தொட்டுக்கொண்டு வந்தது. விடுமுறை நாட்களில் செய்திமடல் மடிப்பவர்களை மட்டும் நம்பி இனி காலந்தள்ள முடியாது, அன்றாடம் திறந்திருக்கும் அலுவலகமும் சம்பளம் வாங்கும் ஆட்களும் தேவை என்ற சூழலில் பிறந்ததுதான் 1971-ன் மையம். ஜின்னி வுட் அதன் மடலில் பல ஆண்டுகள் பத்தி எழுதினார். ‘விறகுக் குவியலிலிருந்து’ என்பது போன்ற பொருள்படும் தலைப்பு. அவருடைய குடும்பப் பெயரை வைத்தே அமைந்த சிலேடை. பத்தி எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் அந்தத் தலைப்பின்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

இலாப நோக்கமற்ற நிறுவனம் என்றால் சம்பளம் இல்லை என்றுதானே பொருள்?
– வங்கி ஊழியர், ஈரோடு

இல்லை. நிறுவனம் ஈட்டும் பணத்தை உரிமையாளர்கள் பங்குபோட்டுக்கொள்ளக் கூடாது என்பதே பொருள். ஊழியருக்குச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, விடுமுறை எல்லாம் உண்டு. நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள்தாம் பெரும்பாலும் ஊதியம் பெறாதவர்கள். வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்குக் கொடுக்கும் கணக்குப் படிவம் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது சட்டம். தலைமைப் பொறுப்பில் இருப்பவர் எவ்வளவு வாங்குகிறார் என்பதை வேண்டாதவர்களும் எடுத்துப் பார்க்கலாம். அந்த வரிவிலக்குக்கு விலையும் உண்டு: எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ நிறுவனம் பிரச்சாரம் செய்யக்கூடாது. தாங்கள் பத்து ஆண்டுகளாக எதிர்த்துவரும் திட்டத்தைக் கொண்டுவந்தே தீருவேன் என்று ஒருவர் தேர்தலில் நிற்கும்போது, அலுவலகத்தில் அமர்ந்துகொண்டு அவர் பெயரைச் சொல்லி எதிர்த்து வாக்குக் கேட்க முடியாமல் இருப்பது எத்தகைய பொறுமை என்பதை நம்மூர் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உண்மையான சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. பணம் உறுப்பினர் சந்தாவிலும் அறக்கட்டளைகளின் நிதியுதவியிலும் வருகிறது. நிதியுதவி இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு என்று வரும். ஒரு சுரங்கத் திட்டமோ இருபது ஆண்டுகள் இழுக்கும். ஆகையால் விண்ணப்பம் எழுதுபவரும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்களில் ஒருவராக இருந்தாக வேண்டும்.

அந்தக் குளிரில் அலுவலகம் போய்வருவது எப்படி?
– இல்லத்தரசி, மதுரை

மைனஸ் 40 என்பது செல்சியஸிலும் ஃபாரன்ஹீட்டிலும் ஒன்றே. ஃபேர்பேங்க்ஸில் குளிர்காலத்தில் அந்த எண்ணைத் தொடும் நாட்கள் உண்டு. டிசம்பர் பிற்பகுதியில் சூரியன் நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகவே தலைகாட்டும். காரின் எஞ்சினுக்கு ஒரு மின்சூடேற்றி பொருத்தி, வண்டி நிறுத்தும் இடத்தில் உள்ள பிளக்கில் செருகி வைப்பார்கள். இல்லாவிட்டால் மாலையில் வண்டி கிளம்பாது.

குறைந்த வருமானமுள்ள ஊழியர்களும் மாணவர்களும் அங்கே ‘ட்ரை கேபின்’ எனப்படும் மரக்குடில்களில் வாடகைக்கு இருப்பது சாதாரணம். மின்சாரம் இருக்கும், இணையம்கூட இருக்கும். தண்ணீர்க் குழாய் இருக்காது. உறைநிலத்தில் கிணறும் கழிவுத்தொட்டியும் அமைப்பது பெருஞ்செலவு என்பதால் கட்டியவர்கள் அதை விட்டுவிட்டார்கள். ஊரில் தண்ணீர் விற்கும் இடத்துக்குப் போய் ஜெர்ரி கேனில் பிடித்துவர வேண்டும், கழிப்பறை வெளியே. குடத்தோடு வரிசையில் நின்ற அனுபவமுள்ள உங்களுக்கு இதில் வியப்பிருக்காது. வீட்டைச் சூடாக்க விறகு எரிப்பதும் அங்கே சாதாரணம். குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கி நிற்பதால் அந்தப் புகை மேலே போகாது. நுண்துகள் மாசு வரம்பை மீறிய பகுதி என்று 2009-லேயே மத்திய அரசு அந்த ஊரை அறிவித்துவிட்டது. தூய்மையான ஆர்க்டிக்குக்காக வாதாடுகிறவர்கள் இப்படிப்பட்ட காற்றைச் சுவாசித்துக்கொண்டுதான் வாதாடுகிறார்கள்.

எண்ணெய்ப் பணத்தில் வாழும் மாநிலத்தில், அக்கம்பக்கத்தார் இவர்களை எப்படிப் பார்க்கிறார்கள்?
– அரசுப் போக்குவரத்துக் கழக நடத்துநர், விழுப்புரம்

நுட்பமான கேள்வி. அலாஸ்காவில் தனிநபர் வருமானத்துக்கு மாநில வரி கிடையாது. எண்ணெய் வருவாயிலிருந்து 1976-ல் ஒரு நிரந்தர நிதி உருவாக்கி, 1982 முதல் மாநிலவாசிகளுக்கு ஆண்டுதோறும் அதிலிருந்து பங்குத்தொகை கொடுத்துவருகிறார்கள். தகுதியுள்ள எவரும் விண்ணப்பித்துப் பெறலாம். மையத்தின் ஊழியருக்கும் அந்த உரிமை உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் வடக்கு எண்ணெய் வயலில் இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் ஓய்வு என்று போய்வருபவராக இருப்பார். இவருடைய வண்டி பனியில் புதைந்தால் கயிறு கட்டி இழுத்து விடுபவரும் அவரே. ‘வெளி’யிலிருந்து அறிக்கை விடும் பெரிய அமைப்புகளுக்கு இல்லாத ஒரு கட்டுப்பாட்டை இந்த அண்டைமை இவர்கள்மேல் வைக்கிறது: மிகைப்படுத்திப் பேசினால் மறுநாள் கடையில் முகம் பார்க்க வேண்டியிருக்கும். இவர்களுடைய எழுத்து நிதானமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

அங்கே ஆயிரமாண்டுகளாக வாழும் பழங்குடியினர் இருக்கும்போது, நிலத்தைக் காப்பதாகச் சொல்ல இவர்கள் யார்?
– வழக்கறிஞர், தஞ்சாவூர்

கேட்க வேண்டிய கேள்விதான்; அந்த இயக்கமும் தாமதமாகவே இதைத் தன்னிடம் கேட்டுக்கொண்டது. 1960 டிசம்பர் 6 அன்று அலாஸ்காவின் வடகிழக்கில் ஆர்க்டிக் வனவிலங்குப் புகலிடம் அறிவிக்கப்பட்டபோது, மனிதன் வந்து போகும் இடம், தங்கும் இடம் அல்ல என்ற கருத்தே அதன் பின்னால் இருந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடி வாழ்ந்தவர்களை அந்தக் கருத்து காணாமல் ஆக்கிவிடுகிறது. ஆனால் பாயிண்ட் ஹோப்பில் நடந்ததை நினைத்துப் பாருங்கள்: அறிவியலாளர்களின் மடல் அச்சாவதற்கு முன்பே கிராமம் எதிர்த்துவிட்டது.

1988-ல் குவிச்சின் என்ற பழங்குடி மக்கள் தங்கள் கிராமங்களிலிருந்தெல்லாம் ஆர்க்டிக் வில்லேஜ் என்ற ஊரில் கூடி, புகலிடத்தின் கடலோரச் சமவெளியில் எண்ணெய் எடுப்பதை எதிர்க்க ஒரு செயற்குழுவை அமைத்தார்கள். போர்க்குபைன் என்ற கரிபூ மந்தை கன்று ஈனும் இடம் அந்தச் சமவெளி. 2017-ல் மந்தையின் எண்ணிக்கை சுமார் 2,18,000. குவிச்சின் மொழியில் அந்த இடத்துக்கு ‘உயிர் தொடங்கும் புனித இடம்’ என்று பெயர். அங்கே அவர்கள் கால்வைப்பதில்லை. அதன்பின் முன்வரிசையில் நிற்பவர்கள் குவிச்சின் மக்களும், பின்னால் கோப்பு தூக்குபவர்கள் மைய ஊழியர்களும் என்று ஆனது. இடம் மாறியது நல்லதற்கே என்பது என் கருத்து. ஆயினும் பழங்குடியினர் எல்லோரும் ஒரே பக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். அதே சமவெளியில் இருக்கும் காக்டோவிக் கிராமத்து இன்யூபியாட் தலைவர்கள் பலர் எண்ணெய் எடுப்பதை ஆதரிப்பவர்கள். பள்ளியும் மருத்துவமும் கழிவுநீர் வசதியும் எண்ணெய் வரியில்தான் வந்தன என்று அவர்கள் சொல்வது பொய்யல்ல.

நீதிமன்றத்தில் ஒருமுறையாவது வென்றிருக்கிறார்களா?
– வாசகர், சேலம்

வென்றிருக்கிறார்கள். தெனாலி உள்ளிட்ட தேசியப் பூங்காக்களுக்குள் தங்கச் சுரங்கங்களுக்கு உரிய தாக்க ஆய்வு இன்றி அனுமதி தரப்படுகிறது என்று பூங்காத் துறைக்கு எதிராக மையம் தொடுத்த வழக்கில் 1985-ல் தடை கிடைத்தது; அதை 1986-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. எண்ணெய்க் குத்தகை வழக்குகளில் தோற்றும் இருக்கிறார்கள். பெரும்பாலும் ‘ட்ரஸ்டீஸ் ஃபார் அலாஸ்கா’ போன்ற பொதுநல வழக்கறிஞர் அமைப்புகளே கட்டணமின்றி வாதாடுகின்றன. நீதிமன்றம் ‘இந்தச் சுரங்கம் கூடாது’ என்று சொல்வதில்லை, ‘ஒழுங்காக ஆராய்ந்துவிட்டு வா’ என்று மட்டுமே சொல்கிறது.

ஓர் ஆட்சி தடுப்பதை அடுத்த ஆட்சி திறந்துவிடுகிறது. இவர்களுக்குச் சலிப்பே வராதா?
– அஞ்சல் துறை ஊழியர், நாகர்கோவில்

வருகிறது, பலர் சில ஆண்டுகளில் விலகிவிடுகிறார்கள். அதே ஆம்ப்ளர் சாலைக்கு 2020-ல் அனுமதி, 2024-ல் மறுப்பு, 2025-ல் மீண்டும் அனுமதி. கடலோரச் சமவெளி 2017-ல் சட்டத்தின் வழியே திறந்துவிடப்பட்டது. 2021 ஜனவரியில் நடந்த எண்ணெய்க் குத்தகை ஏலத்தில் பெரிய எண்ணெய் நிறுவனங்கள் எட்டிப்பார்க்கவில்லை, மாநில அரசின் நிறுவனமே பெரும்பாலானவற்றை எடுத்தது. 2023-ல் அந்தக் குத்தகைகள் இரத்தாயின. 2025 ஜனவரியில் நடந்த இரண்டாம் ஏலத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அதே ஆண்டில் வந்த ஒரு சட்டம் மேலும் நான்கு ஏலங்களுக்கு வழிசெய்தது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஓர் அறிக்கை, ஒவ்வோர் அறிக்கைக்கும் ஒரு கெடு.

சலிப்பைப் பற்றிக் கேட்டதால் சீலியா ஹண்டரின் கடைசி நாளைச் சொல்கிறேன். அவர் 2001 டிசம்பர் 1 அன்று, 82 வயதில், ஃபேர்பேங்க்ஸில் தம் வீட்டில் இறந்தார். கடலோரச் சமவெளியில் எண்ணெய் எடுக்க அனுமதிக்கும் மசோதா அப்போது செனட்டின் முன் இருந்தது. முந்தைய நாள் இரவில்கூட அதை எதிர்த்து நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 2002 ஏப்ரலில் வாக்கெடுப்பு நடந்தபோது அதற்கு வேண்டிய 60 வாக்குகளில் 46 மட்டுமே கிடைத்தன.